சுத்தமாக இறங்கிப்போன பேட்டரியை உயிர்ப்பிப்பது: சார்ஜர் செய்வது என்ன, நாம் செய்ய வேண்டியது என்ன

பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் தக்காளி, கத்தரி வைப்பவர்கள் வீட்டில் பேட்டரி ஸ்பிரேயர் இல்லாமல் இருக்காது. மருந்தடிப்பு முடிந்ததும் அதைக் கழுவிப் பரண்மேல் போட்டுவிடுவார்கள். நான்கைந்து மாதம் கழித்து இறக்கினால் பேட்டரியில் உயிர் இருக்காது. சார்ஜரைச் சொருகியதும் பச்சை விளக்கு எரியும். "ஃபுல்லாயிடுச்சு" என்று நினைத்து முதுகில் மாட்டிக்கொண்டு வயலுக்குப் போனால் இரண்டு சால் தாண்டுவதற்குள் மோட்டார் நின்றுவிடும்.

பச்சை விளக்குக்குப் பேட்டரி நிறைந்ததா என்று தெரியாது. எளிய சார்ஜர்களில் மின்னோட்டம் குறைந்தால் பச்சை எரியும், அவ்வளவுதான். நிறைந்த பேட்டரியும் குறைவாகவே மின்சாரம் இழுக்கும், கெட்டு இறுகிப்போன பேட்டரியும் குறைவாகவே இழுக்கும். நல்ல சார்ஜர் இந்த இரண்டையும் பிரித்தறிய முயல்கிறது. முடியாதபோது வேலை செய்ய மறுக்கிறது. அந்த மறுப்பைப் பழுது என்று எண்ணிக் குறுக்கு வழியில் மின்சாரத்தைத் திணிக்கும்போதுதான் ஆபத்து வருகிறது. இறங்கிய பேட்டரியை ஏற்றுவதில் உள்ள ரகசியம் ஒன்றுதான்: முதலில் மிகக் குறைவாகக் கொடு, கவனி, அது ஏற்றுக்கொண்டால் கூட்டு, ஏற்காவிட்டால் நிறுத்து. நல்ல சார்ஜர் அதைத் தானாகச் செய்கிறது. சாதா சார்ஜர் வைத்திருப்பவர் அதைக் கையால் செய்ய வேண்டும்.

படி 1: என்ன பேட்டரி என்று முதலில் உறுதி செய்யுங்கள்

நம் ஊரில் புழங்குவது பெரும்பாலும் இரண்டு வகை. இன்வெர்ட்டர், டிராக்டர், பைக், சோலார் வேலி ஆகியவற்றில் பெரும்பாலும் இருப்பது ஈய-அமில பேட்டரி. ஸ்பிரேயர்களில் வருவது பெரும்பாலும் மூடிய வகை ஈய-அமில பேட்டரி, 12 வோல்ட், 8 அல்லது 12 ஏ.எச் (ஆம்பியர்-மணி, அதாவது பேட்டரியின் கொள்ளளவு). புதிதாக வரும் சில ஸ்பிரேயர்களில் லித்தியம் இருக்கிறது. தூக்கிப் பார்த்தாலே எடை சொல்லிவிடும். செல்போன், பவர் பேங்க் எல்லாம் லித்தியம்; எலக்ட்ரிக் ஸ்கூட்டரிலும் பெரும்பாலும் லித்தியம்தான்.

மேலே ஒட்டியிருக்கும் லேபிளைப் படிக்காமல் எதையும் தொடாதீர்கள். ஈய-அமிலத்துக்குச் செய்யும் வைத்தியத்தை லித்தியத்துக்குச் செய்தால் வீடு பற்றிக்கொள்ளும். கீழே இரண்டையும் தனித்தனியாகச் சொல்கிறேன்.

படி 2: கண்ணால் பாருங்கள், முகர்ந்து பாருங்கள்

பெட்டி உப்பியிருக்கிறதா, விரிசல் உண்டா, ஓரத்தில் ஈரம் கசிகிறதா, இனிப்பும் காரமும் கலந்த ஸ்பிரிட் போன்ற வாடை வருகிறதா என்று பாருங்கள். லித்தியம் பேட்டரியில் இவற்றில் ஒன்று இருந்தாலும் அதோடு முடிந்தது; சார்ஜரை எடுக்கவே வேண்டாம். ஈய-அமில பேட்டரியில் டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பூவைச் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவித் துடைத்துவிடலாம். அந்தத் தண்ணீர் மூடி வழியாக உள்ளே போகக் கூடாது. பக்கச்சுவர் உப்பியிருந்தால் அதையும் ஒதுக்கிவிடுங்கள்.

படி 3: மல்டிமீட்டரில் வோல்ட் பாருங்கள்

மல்டிமீட்டர் பெரிய செலவில்லை. பேட்டரி வைத்திருக்கும் வீட்டில் ஒன்று இருக்க வேண்டும். லோடு, சார்ஜர் எல்லாம் கழற்றிச் சில மணி நேரம் விட்டபின் அளக்க வேண்டும்.

12 வோல்ட் ஈய-அமில பேட்டரிக்குள் ஆறு செல்கள். நிறைந்திருந்தால் 12.6 முதல் 12.8 வரை காட்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 11.8 என்றால் அநேகமாகக் காலி. 10.5 வோல்ட் என்பது லோடு ஓடும்போதே நிறுத்திவிட வேண்டிய எல்லை. லோடு இல்லாமல் வைத்திருக்கும்போதே அதற்குக் கீழே காட்டினால் ஆழமாக இறங்கியிருக்கிறது, அல்லது ஒரு செல் போயிருக்கிறது.

மீட்டரில் கழித்தல் குறி வருகிறதா என்றும் பாருங்கள். சிவப்பு ஊசியைப் பிளஸ்ஸில் சரியாகத்தான் வைத்தேன், ஆனாலும் மைனஸ் காட்டுகிறது என்றால் பேட்டரி முனை மாறிப்போயிருக்கிறது. இரண்டு பேட்டரியைத் தொடராகப் போட்ட 24 வோல்ட் இன்வெர்ட்டரில் இது நடக்கும். பலவீனமான பேட்டரி காலியான பிறகும் பலமான பேட்டரி அதன் வழியாக மின்சாரத்தைத் தள்ளி, எதிர்த்திசையில் ஏற்றிவிடும். அப்படி மாறியதைக் கடைக்காரரிடம் கொடுத்துவிடுவதே நல்லது.

லித்தியத்தில் ஒரு செல்லின் முழு அளவு 4.2 வோல்ட், இறங்கும் எல்லை 2.5 முதல் 3 வோல்ட். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் முழு அளவு 3.65, கீழ் எல்லை 2.5. பேட்டரி முனையில் 0 காட்டினால் உடனே செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். உள்ளே இருக்கும் பாதுகாப்புப் பலகை, அதாவது பி.எம்.எஸ், செல்லைக் காப்பாற்ற வாசலை மூடியிருக்கலாம். உள்ளே செல்லில் 2.4 வோல்ட் இருந்தாலும் வெளி முனையில் ஒன்றும் தெரியாது.

உள்ளே என்ன நடந்திருக்கிறது

இதைப் புரிந்துகொண்டால் மீதிப் படிகள் தானே விளங்கும். ஈய-அமில பேட்டரி மின்சாரம் கொடுக்கும்போது இரண்டு வகை பிளேட்டிலும் ஈய சல்பேட் படிகிறது, அமிலம் நீர்த்துப்போகிறது. உடனே சார்ஜ் போட்டால் சல்பேட் கரைந்து பழைய நிலைக்குத் திரும்பிவிடும். வாரக்கணக்கில் விட்டால் நுண்ணிய துகள்கள் சேர்ந்து பெரிய, கெட்டியான படிகங்களாகின்றன. மின்சாரம் அவற்றுக்குள் எளிதில் புகாது. கடைகளில் "சல்பேஷன் ஆயிடுச்சு" என்று சொல்வது இதைத்தான்.

இன்னொரு தொல்லையும் உண்டு. அமிலம் ஏறக்குறைய வெறும் தண்ணீராகிவிட்டால் ஈய சல்பேட் அதில் வழக்கத்தைவிட அதிகமாகக் கரையும். பிறகு சார்ஜ் ஏற்றும்போது பிளேட்டுகளுக்கு நடுவே இருக்கும் தடுப்பின் துளைகளில் அது ஈயமாகப் படிந்து, பிளேட்டோடு பிளேட்டை இணைத்துவிடும். செல் உள்ளேயே ஷார்ட். ரொம்ப நாள் காலியாகக் கிடந்த பேட்டரி சார்ஜ் போட்ட பிறகு சாகிறதே என்று பலர் சார்ஜரைக் குறை சொல்வார்கள். பாதி நேரம் விதை விழுந்தது கிடந்த காலத்தில்தான்.

லித்தியத்தின் கதை வேறு. செல் ஏறக்குறைய 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கி அப்படியே கிடந்தால், மைனஸ் பக்கத் தகட்டில் இருக்கும் செம்புத் தாள் மெல்லக் கரையத் தொடங்கும். திரும்ப ஏற்றும்போது அந்தச் செம்பு வேண்டாத இடங்களில் உலோகமாகப் படிந்து உள்ளே ஷார்ட் உண்டாக்கும். அன்றைக்கே தெரியாது. பத்து நாள் கழித்து, முழு சார்ஜில் இருக்கும்போது சூடேறலாம். இதற்காகத்தான் லித்தியத்தில் "முயன்று பார்க்கலாமே" என்ற பேச்சுக்கு இடமில்லை.

நல்ல சார்ஜர் என்ன செய்கிறது

காய்ந்து இறுகிய செம்மண் நிலத்தில் முதல் நாளே கனமழை கொட்டினால் தண்ணீர் மேலோடு ஓடிவிடும். தூறலாக விழுந்தால்தான் ஊறும். சார்ஜரின் முதல் கட்டம் அந்தத் தூறல்.

சொருகியதும் அது பேட்டரியின் வோல்ட்டை அளக்கிறது. முனை மாறியிருக்கிறதா, உண்மையிலேயே பேட்டரி இருக்கிறதா, 6 வோல்ட் பேட்டரியை 12 என்று மாட்டிவிட்டார்களா என்று பார்க்கிறது. சில வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைக்காது. காலி பேட்டரியும் ஷார்ட்டான ஒயரும் அதற்கு ஒரே மாதிரிதான் தெரியும். அதனால் மின்சாரம் விடாது.

விடை கிடைத்தால் இயல்பான அளவில் பத்தில் ஒரு பங்கு போலச் சிறிய மின்னோட்டம் கொடுத்து வோல்ட் ஏறுகிறதா என்று பார்க்கும். பவர் பேங்குகளிலும் சிறு கருவிகளிலும் அதிகம் புழங்கும் டிபி4056 என்ற சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். செல் 2.9 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் முழு 1 ஆம்பியர் கொடுக்காது, 130 மில்லி ஆம்பியர்தான் கொடுக்கும். 2.9 தாண்டிய பிறகே முழு வேகம். செல்போன் சுத்தமாக இறங்கியபின் சார்ஜில் போட்டால் பத்து, இருபது நிமிடம் திரை கறுப்பாகவே இருப்பதும் இதே காரணத்தால்தான். அந்த நேரத்தில் பொறுமையிழந்து ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகுவது வீண் வேலை.

மூன்றாவதாக ஒரு கடிகாரம். தரமான சார்ஜரில் இந்த மெதுவான கட்டத்துக்கு நேர வரம்பு உண்டு. அதற்குள் வோல்ட் ஏறாவிட்டால் "இந்தச் செல் கெட்டது" என்று முடிவுசெய்து நிறுத்திவிடும். மலிவான சார்ஜரில் இல்லாமல் போவது முக்கியமாக இதுதான்.

அதன்பிறகு வழக்கமான பயணம். ஈய-அமிலத்துக்கு நிலையான மின்னோட்டத்தில் 14.4 வோல்ட் வரை ஏற்றி, அங்கேயே பிடித்து மின்னோட்டம் தானாகக் குறையும் வரை வைத்திருந்து, பிறகு 13.5 முதல் 13.8 வோல்ட்டில் தாங்கி நிற்கும். லித்தியத்துக்கு 4.2 வோல்ட்டில் பிடித்து, மின்னோட்டம் நன்றாகக் குறைந்ததும் முழுக்க நிறுத்திவிட வேண்டும். அங்கே தாங்கி நிற்கும் கட்டமே கிடையாது. ஈய-அமில சார்ஜரை லித்தியத்துக்குப் போடக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 4: ஈய-அமில பேட்டரியை ஏற்றுவது

இடத்தை முதலில் தேர்ந்தெடுங்கள். திண்ணை, திறந்த கொட்டகை, காற்று வரும் தாழ்வாரம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பொறியில் வெடிக்கும். பீடி, சாம்பிராணி, சாமி விளக்கு எதுவும் பக்கத்தில் வேண்டாம். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள், ஒரு வாளித் தண்ணீர் அருகில் இருக்கட்டும்.

மூடி திறக்கும் பேட்டரி என்றால் திறந்து பாருங்கள். பிளேட் வெளியே தெரிந்தால் அது மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். கோடு வரை நிரப்புவது சார்ஜ் முடிந்த பிறகுதான். முன்பே நிரப்பினால் ஏறும்போது பொங்கி வழியும். ஆசிட் ஊற்றவே கூடாது. அமிலம் எங்கும் போகவில்லை, சல்பேட்டாகப் பிளேட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சார்ஜ் ஏறினால் திரும்பி வரும். போர்த் தண்ணீரும் வேண்டாம். தர்மபுரி மாவட்ட நிலத்தடி நீரின் உப்பைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சார்ஜரை மாட்டுங்கள். அளவு மாற்றும் வசதி இருந்தால் மிகக் குறைந்ததில் வையுங்கள். 8 ஏ.எச் ஸ்பிரேயர் பேட்டரிக்கு அரை ஆம்பியருக்குள், 150 ஏ.எச் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு 5 ஆம்பியர் அளவில் தொடங்குவது நல்லது. முதலில் வோல்ட் சட்டென்று 15 வரை தாவி, மின்சாரம் ஏறாமல் நிற்கலாம். அதுதான் சல்பேட் படிந்த பேட்டரியின் அடையாளம். அவசரப்படாமல் மணிக்கணக்கில் விட்டால், மீளக்கூடிய பேட்டரி மெல்ல மெல்ல அதிக மின்சாரம் வாங்கத் தொடங்கும், தாவிய வோல்ட் கீழே இறங்கி, பிறகு நிதானமாக ஏறும். இந்த இறங்கி ஏறுதலைப் பார்த்தால் நம்பிக்கை வைக்கலாம்.

சார்ஜர் பேட்டரியையே கண்டுகொள்ளவில்லையா? கிருஷ்ணகிரி, தர்மபுரி ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் நல்ல 12 வோல்ட் பேட்டரி ஒன்றைப் பக்கவாட்டில் இணைத்து உசுப்புவார்கள். நேரடியாக இணைத்தால் கட்டுப்பாடில்லாமல் மின்சாரம் பாயும். நடுவில் ஒரு 12 வோல்ட் பல்பு போடுங்கள். நல்ல பேட்டரியின் மைனஸும் இறங்கியதன் மைனஸும் ஒன்றாக. நல்ல பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து பல்பு வழியாக இறங்கியதன் பிளஸ்ஸுக்கு. ஸ்பிரேயர் பேட்டரிக்கு பைக் இண்டிகேட்டரின் 10 வாட் பல்பு போதும், டிராக்டர், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஹெட்லைட் பல்பு. செல் ஷார்ட்டாகவே இருந்தாலும் அந்தப் பல்பு அனுமதிக்கும் அளவுக்குமேல் மின்சாரம் போகாது.

இனி பல்பே உங்களுக்கு மீட்டர். எரியத் தொடங்கி மெல்ல மங்கினால் பேட்டரி ஏறுகிறது. 11 வோல்ட் தாண்டியதும் கழற்றிவிட்டுச் சார்ஜரில் மாட்டுங்கள், இப்போது அது அடையாளம் கண்டுகொள்ளும். ஒரு மணி நேரமாகியும் பிரகாசமாகவே எரிந்தால் உள்ளே ஷார்ட், விட்டுவிடுங்கள். மாட்டியதும் அளவுக்குமீறிப் பளீரென்று எரிந்தால் முனை மாறியிருக்கிறது, உடனே கழற்றுங்கள். பல்பு எரியவே இல்லை, இறங்கிய பேட்டரியின் வோல்ட் மட்டும் உடனே நல்ல பேட்டரியின் அளவுக்குத் தாவி நிற்கிறது என்றால் சல்பேட் இறுகியிருக்கிறது அல்லது உள் இணைப்பு அறுந்திருக்கிறது. இந்த முறை ஈய-அமிலத்துக்கு மட்டும். லித்தியத்துக்கு ஒருபோதும் செய்யாதீர்கள்.

அரை மணிக்கு ஒருமுறை பக்கச்சுவரில் புறங்கையை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் நிறுத்த வேண்டும். ஒரு செல் மட்டும் கொதித்து மற்றவை சும்மா இருந்தால் அந்தச் செல்லில் கோளாறு. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் முதலில் சுவரில் உள்ள சுவிட்சை அணையுங்கள், கிளிப்பைப் பிடுங்காதீர்கள்; பொறி பறக்கும்.

நிறைந்ததாகத் தெரிந்தபின் கழற்றி ஓர் இரவு சும்மா விட்டு, காலையில் அளந்து பாருங்கள். 12.6க்குப் பக்கத்தில் நின்றால் பிழைத்தது. 10.5 அளவில் நின்றால் ஆறில் ஒரு செல் போய்விட்டது. எத்தனை தடவை ஏற்றினாலும் அதற்குமேல் வராது. 12.6 காட்டியும் லோடு போட்டதும் சரிந்தால் படிகங்கள் இன்னும் இருக்கின்றன. இரண்டு மூன்று முறை மெதுவாக ஏற்றி இறக்கினால் ஓரளவு திரும்பும். இழந்த பேக்கப் முழுவதும் வராது.

வெயிலையும் கணக்கில் வையுங்கள். 14.4 வோல்ட் என்பது 25 டிகிரிக்குச் சொன்ன கணக்கு. ஒரு டிகிரி கூடினால் 12 வோல்ட் பேட்டரிக்கு ஏறக்குறைய 0.02 வோல்ட் குறைக்க வேண்டும். சித்திரை வெயிலில் அரூர் பக்கத்துக் கொட்டகைக்குள் பேட்டரி 40 டிகிரியில் இருந்தால் 14.1 போதும். தேன்கனிக்கோட்டை, தளி மேட்டில் மார்கழி விடியலில் அதே பேட்டரிக்கு 14.6 வேண்டும். வெப்பத்தைப் பார்த்துத் தானே மாற்றிக்கொள்ளும் சார்ஜர் கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்து வாங்குங்கள்.

சோலார் வேலி பேட்டரிக்குத் தனிக் கவனம்

ராகி முற்றும் காலத்தில் ஜவளகிரி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானை வரும் காட்டோரத்து வயல்களில் வேலி பேட்டரி இறங்குவது சாதாரண விஷயமல்ல. மேகமூட்டம் நான்கு நாள் நீடித்தால் பேனல் கொடுப்பது போதாது. பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே இருக்கும் கன்ட்ரோலர் 11 வோல்ட் அளவில் லோடைத் துண்டித்து பேட்டரியைக் காப்பாற்றும். "வேலி நின்றுவிட்டதே" என்று கன்ட்ரோலரைத் தாண்டி நேராக பேட்டரியில் மாட்டுகிறவர்கள் உண்டு. அன்று இரவு வேலி ஓடும். அடுத்த வாரம் பேட்டரியே இருக்காது.

சுத்தமாக இறங்கிய பேட்டரியில் கன்ட்ரோலரும் விழிக்காது, ஏனென்றால் பலவற்றுக்கு உயிர் பேட்டரியிலிருந்துதான் வருகிறது. அப்போது பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்து மேலே சொன்னபடி தனியாக ஏற்றுங்கள். திரும்ப மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். பேட்டரியைப் பார்த்துத்தான் கன்ட்ரோலர் 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று தீர்மானிக்கும்.

பேட்டரி தயாராகும்வரை வீட்டு லைனிலிருந்து கம்பி இழுத்து வேலிக்குக் கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். வேலிக்கு மின்சாரம் அனுப்பும் எனர்ஜைசர் கருவி கொடுப்பது நொடிக்கு ஒருமுறை வந்து மறையும் மிகக் குறுகிய அதிர்ச்சி. லைன் மின்சாரம் தொட்டதை விடாது. 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி பக்கம் சட்டவிரோத மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன. அந்த இடத்தில் இரவில் தண்ணீர் பாய்ச்ச வரும் உங்கள் பிள்ளையும் இருந்திருக்கலாம்.

படி 5: லித்தியம் பேட்டரி

இங்கே உங்கள் வேலை மிகக் குறைவு. கருவியோடு வந்த அசல் சார்ஜரை, எரியக்கூடிய பொருள் இல்லாத சிமெண்ட் தரையில் வைத்து மாட்டுங்கள். படுக்கை, பாய், வைக்கோல், பெட்ரோல் வண்டி அருகில் வேண்டாம். விழித்திருக்கும் நேரத்தில் மட்டும் செய்யுங்கள். பாதுகாப்புப் பலகை மூடிய வாசலைச் சார்ஜரே தட்டித் திறக்கும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை பொறுத்துப் பாருங்கள். அதற்குள் உயிர் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

வேறு பேட்டரியிலிருந்து ஒயர் போட்டு உசுப்புவதும், பி.எம்.எஸ்ஸைத் தாண்டி நேராக செல்லுக்குக் கொடுப்பதும் யூடியூபில் சாகசம் போலத் தெரியும். பி.எம்.எஸ் மூடியதற்குக் காரணம் இருக்கிறது. செல் 1.5 வோல்ட்டுக்குக் கீழே ஒரு வாரத்துக்குமேல் கிடந்திருந்தால், அது ஏறினாலும் பயன்படுத்தக் கூடாது. வரிசையாகப் பல செல்கள் உள்ள பேக்கில் ஒன்று மட்டும் ஆழத்தில் இருக்கலாம்; மொத்த வோல்ட்டைப் பார்த்தால் அது தெரியாது. ஒவ்வொரு செல்லையும் தனியாக அளக்கும் பி.எம்.எஸ்ஸுக்குத்தான் தெரியும்.

ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் தயாராகும் பகுதி இது. சர்வீஸ் சென்டர் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஸ்கூட்டர் பேட்டரி மாதக்கணக்கில் நின்று விழிக்காமல் போனால் அங்கேதான் கொடுக்க வேண்டும், தெருமுனையில் திறக்கக் கூடாது. வெயிலில் நின்று சூடான வண்டியை உடனே சார்ஜில் போடாமல் ஆறவிடுங்கள். பெரும்பாலான லித்தியம் செல்லை 45 டிகிரிக்குமேல் சார்ஜ் செய்யக் கூடாது.

ஏறும்போது சூடோ, உப்பலோ, சீறும் ஓசையோ, புகையோ வந்தால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வெளியேறுங்கள். அந்தப் புகை நச்சு. 101க்கு அழையுங்கள். சிறிய பேட்டரி என்றால், மின் இணைப்பு முழுதும் துண்டித்தபின், தூரத்திலிருந்து நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கலாம். அணைந்ததும் தொடாதீர்கள், மறுபடி பற்றும்.

திரும்ப இறங்காமல் இருக்க

ஈய-அமில பேட்டரியைப் பயன்படுத்திய அன்றே நிரப்பிவிடுங்கள். சும்மா இருந்தாலும் மாதத்துக்குச் சில சதவீதம் தானே இறங்கும், வெயிலில் இன்னும் வேகமாக. பரணில் போட்ட ஸ்பிரேயரை மாதம் ஒருமுறை இறக்கி ஓர் இரவு சார்ஜ் போட்டால் போதும். பெங்களூருக்கு வேலைக்குப் போய் வீட்டைப் பூட்டி வைப்பவர்கள், பேட்டரியை நிறைத்துவிட்டு இன்வெர்ட்டரை அணைத்து, ஒரு டெர்மினலைக் கழற்றி வையுங்கள். லித்தியத்தை மட்டும் நிறைத்து வைக்காதீர்கள், பாதி அளவில் நிழலில் வையுங்கள்.

மீளாத பேட்டரியைப் பழைய இரும்போடு உடைத்துப் போடாதீர்கள், அமிலத்தைக் கிணற்றோரமோ ஏரியிலோ கொட்டாதீர்கள். ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். 2022ஆம் ஆண்டின் பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள் பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மீது வைத்திருக்கின்றன. ஈய-அமிலத்தைப் புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். லித்தியம் என்றால் இரண்டு முனையிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மற்ற உலோகங்களோடு உரசாமல் தனியாக வைத்து, மின்னணுக் கழிவு சேகரிப்பவரிடம் ஒப்படையுங்கள்.